பூண்டு வறுக்காத வீடு

கோங் அக்கா தீக்குச்சியைக் கிழித்து ஊதுபத்தி நுனிக்குக் கொண்டுபோவதற்குள் தேயிங் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அக்கா."

"என்ன வேணாம்?"

"பத்தி. வாசனை வரும்."

கோங் அக்கா தார்ப்பாய்ப் பந்தலுக்குள் ஐஸ் பெட்டியில் படுத்திருந்த ஷாங் ரூலினைப் பார்த்தாள். அவர் மனைவியைப் பார்த்தாள். தீக்குச்சி விரலைச் சுட்டதும் உதறினாள்.

"செத்து ரெண்டு நாளாச்சு. இன்னுமா உன் புருஷன் மோந்து பாக்குறாரு?"

மாஜாங் கட்டை விளையாட்டு நடந்த மேசையில் யாரோ சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து இருமினார்கள்.

"பழக்கமாயிடுச்சு," என்றாள் தேயிங்.

"பழக்கத்துக்கும் ஒரு அளவு இல்லையா? பத்தி ஏத்தாம அனுப்பினா மேல போறவருக்கு வழி எப்படித் தெரியும்? எந்தப் பக்கம் சாராயம் காய்ச்சறாங்களோ அந்தப் பக்கம் மோப்பம் பிடிச்சே போயிடுவாருன்னு விட்டுட்டியா?"

சொல்லிவிட்டாளே தவிர, பத்திக் கட்டை மறுபடி காகிதத்தில் சுற்றிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். முப்பது வருடமாக எதிர்வீட்டில் இருப்பவள். அந்த வீட்டுச் சட்டம் அவளுக்கும் மனப்பாடம்.

ஆற்றங்கரையில் இருக்கிற அந்த ஊரே சாராயம் காய்ச்சுகிற ஊர். சோளச் சக்கையின் ஆவி ஊர்மேல் எந்நேரமும் கவிந்திருக்கும். ஷாங் ரூலின், அங்குள்ள சாராய ஆலையின் தலைமைக் கலப்பாளர். சோளம் புளிக்கவைக்கும் குழிக்குக் குழி வேறுபடும் சாராயங்களை மோந்து, ருசித்து, எதில் எவ்வளவு சேர்த்தால் ஆலையின் பெயர் நிற்கும் என்று முடிவுசெய்கிற மனிதர். அந்த மூக்குக்காக ஒரு வீடே வேறுவிதமாக வாழ்ந்தது. மிளகாயும் மிளகும் இல்லாமல் யாருக்கும் சோறு இறங்காத ஊரில், அந்த வீட்டில் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து பூண்டு வறுத்ததில்லை. வாசனை சோப்பு கிடையாது. பூந்தொட்டி கிடையாது. தேயிங்கின் அம்மா செத்தபோதுகூட அவள் மாடிப்படி இறங்கிப் போய்ச் சைக்கிள் நிறுத்துமிடத்தில்தான் பத்தி ஏற்றிக் கும்பிட்டாள். மிளகாய் ஆசை வந்தால் கோங் அக்காவின் சமையல்கட்டுக்குப் போவாள். அவளுக்கென்று ஒரு ஜாடி மிளகாய்த் தொக்கு அங்கே உண்டு. நின்றபடி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தேயிலையை மென்று துப்பி, வாய் கொப்பளித்து, கையை எலுமிச்சைத் தோலில் தேய்த்துவிட்டு வருவாள்.

"கள்ளப் புருஷனைப் பாக்கப் போறவகூட இவ்வளவு கழுவ மாட்டா," என்பாள் கோங் அக்கா.

தேயிங் சிரிப்பாள். வலிக்காமல் இல்லை. ஆனால் அதற்கு ஒரு பலன் இருந்தது. ஆலை வாசலில் லாரி லாரியாகப் போகிற பெட்டிகளைப் பார்க்கும்போது, அதில் தன் வீட்டுப் பூண்டும் இருக்கிறது, வறுக்காமல் விட்ட பூண்டு, என்று நினைத்துக்கொள்வாள்.

மகன் விஷயத்தில்தான் அந்தக் கணக்கு நேராகவில்லை.

யூகாங் படிப்பு ஏறாமல் சொங்கிங் நகரத்துக்குப் போய், மேசையிலேயே குழம்பைக் கொதிக்கவைத்துச் சாப்பிடும் ஹாட்பாட் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாகவே கடை போட்டுவிட்டான். மாட்டுக்கொழுப்பில் மிளகாய் நாள் முழுக்கக் கொதிக்கிற கடை. அந்த மணம் சட்டையில் ஏறினால் சட்டையைத்தான் எறிய வேண்டும். அதனால் அவன் ஊருக்கு வந்தால் முதலில் கோங் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். குளித்து, தலை அலசி, அங்கே தனக்கென்று வைத்திருக்கும் துணியை மாற்றிக்கொண்டு, பிறகுதான் எதிர்வாசலில் கால் வைக்க வேண்டும். அப்பா விதித்தது. காவல் காத்தது அம்மா. ஒருமுறை குளிருக்கு நடுங்கிக்கொண்டு நேராக வந்தவனை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியதும் அவள்தான்.

கடைசி மூன்று வருடம் அவன் வரவே இல்லை. "கல் நெஞ்சுடா உனக்கு," என்று போனில் சொல்லியிருக்கிறாள். "கடையில ஆள் இல்லம்மா," என்பான். போன வாரம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருந்தபோது அவனே கூப்பிட்டு, "வரட்டுமாம்மா?" என்றான். அவள் ரூலினிடம் கேட்டாள். அவர் முகமூடியைக் கொஞ்சம் தூக்கி, "வேணாம். அந்த நாத்தம் எனக்கு ஆகாது," என்றார். அவள் அப்படியே போனில் சொன்னாள். கொஞ்சம் பதமாக, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அவனுடைய வேன் குடியிருப்பு வாசலில் நுழைந்தது. இறங்கியவன் பந்தல் பக்கம் பார்க்காமல் நேரே கோங் அக்கா வீட்டுப் படி ஏறினான்.

"இன்னைக்குக்கூட குளிக்கணுமாடா?" கோங் அக்கா பின்னாலேயே சாவியோடு ஓடினாள்.

தலை ஈரம் சொட்ட, துக்கத்துக்குரிய வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு அவன் வந்து பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டுத் தலை தாழ்த்தினான். எழுந்து அம்மா பக்கத்தில் நின்றான். வயதை மீறி, நாற்பதுக்கு மேல் காட்டியது முகம்.

"சாப்பிட்டியா?"

"வழியில சாப்பிட்டேன்."

"கடை?"

"மூடிட்டு வந்தேன். நாளைக்கு முடிஞ்சதும் கிளம்பணும்."

"மூணு வருஷம்."

"ம்."

அவன் நாற்காலி போடப் போனான்.

கெமிங் வந்தது அதற்குப் பிறகு. ரூலினின் சீடன். ஐம்பதைத் தாண்டியவன், இனி அவன்தான் தலைமைக் கலப்பாளர் என்று ஆலையில் பேச்சு. கும்பிட்டு முடித்து, ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு தேயிங் பக்கத்தில் உட்கார்ந்தான். குடித்திருந்தான். கண் சிவந்திருந்தது குடியினால் மட்டும் இல்லை.

"மாஸ்டரம்மா, இனிமே இப்படி ஒருத்தர் வர மாட்டார்."

"உங்களை எல்லாம் நல்லா பழக்கிட்டுத்தானே போயிருக்கார்."

"எங்களுக்கு என்ன, மூக்கு இருக்கு. மூக்கு இருக்கறவன் கலக்கறதுல என்ன பெருமை? மூக்கே இல்லாம இத்தனை வருஷம் கலக்கினாரே. அது யாரால முடியும்?"

தேயிங் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அதிகமாக் குடிச்சிட்டே போல."

"பல வருஷம் முன்னாடி அந்தக் குளிர்காலக் காய்ச்சல்ல மோப்பம் போனதுதானே. எவ்வளவோ டாக்டர். வெளியூருக்கெல்லாம் நான்தானே கூட்டிட்டுப் போனேன். கருத்தரங்கு, பரிசோதனைன்னு லீவு போட்டு..." அவன் நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்தான். குடித்தது இறங்கிவிட்டது தெரிந்தது. "உங்களுக்குத் தெரியும்தானே மாஸ்டரம்மா? ஒரே வீடு. ஒரே சமையல்கட்டு. உங்களுக்குத் தெரியாம எப்படி..."

"சொல்லு."

"நான் எதுவும்..."

"பாதி சொல்லிட்டே. மீதியையும் சொல்லு."

அவன் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"லேப்ல மிஷின் இருக்கு. ஒரு சொட்டு ஏத்தினா சாராயத்துல இருக்கற மணத்தையெல்லாம் ஒண்ணொண்ணாப் பிரிச்சு, சின்ன மலை பெரிய மலைன்னு வரிசையாக் கோடு போட்டுக் காட்டும். அதை நான் படிப்பேன். அவர் கண்ண மூடிட்டுக் கேப்பார். 'எத்தில் காப்ரோயேட் இவ்வளவு ஏறியிருந்தா அன்னாசி மணம் முன்னாடி வந்து குதிக்கும், சென்ட் பாட்டில் மாதிரி. கொஞ்சம் பியூட்ரிக் அமிலம் வேணும்டா. தனியா மோந்தா வேர்வை நாத்தம்தான், ஆனா அது இல்லன்னா சாராயத்துக்கு உடம்பே இருக்காது. மூணாம் குழிச் சாராயத்துல ஒரு குடம் ஊத்து'ம்பார். ஊத்துவேன். நான் மோந்து சொல்வேன். அவர் சொன்ன மாதிரியே இருக்கும். நாக்கு வேலை செஞ்சது, புளிப்பு கசப்பு தெரியும். மணம் பூராவும் ஞாபகத்துலருந்து. மெடல் வாங்கின சாராயம் அப்படி வந்ததுதான்."

"ஆலையில யாருக்கும் தெரியாதா?"

"எனக்கு மட்டும். சத்தியம் வாங்கினார்."

தேயிங் பந்தல் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசிப் பானை அடிப்பிடித்துக் கருகி, கோங் அக்கா எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்த நாள் ஒன்று இருந்தது. அடுப்புக்கு நாலடி தள்ளி ரூலின் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். 'படிக்க உக்காந்தா உலகமே மறந்துடும் மனுஷனுக்கு,' என்று அவளே பெருமையாகச் சொன்னாள். இன்னொரு நாள் வாசலில் நின்று, "யாரு பூண்டு வறுத்தது?" என்று சத்தம் போட்டார். யாரும் வறுக்கவில்லை. ஆனாலும் அவள் சமையல்கட்டை இரண்டு தரம் சோடாப்பு போட்டுக் கழுவினாள்.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் பேசுவதுதான் அவளுக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே காரம். இன்றைக்கு ஏழாம் குழி எப்படி இருந்தது, பழைய ஜாடி எப்படி இருந்தது என்று உப்புச் சப்பில்லாத கீரையை விழுங்கிக்கொண்டே சொல்வார். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

"கெமிங்."

"சொல்லுங்க மாஸ்டரம்மா."

"போன வருஷம் ஒரு சாராயத்தைச் சொன்னார். மழை விட்டப்பறம் எருமை முதுகுல ஆவி பறக்குமே, அந்த மணம்னு. கேட்டுட்டு அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. அவர் டவுன்ல பொறந்தவராச்சே, எருமையை எங்க பாத்தார்னு நெனச்சேன்."

கெமிங் தலையைக் குனிந்துகொண்டான். "எங்க ஊர்ல எருமை உண்டு மாஸ்டரம்மா," என்றான்.

மாஜாங் மேசையில் கட்டைகளைக் கலைத்துக் குலுக்கினார்கள்.

"யூகாங்கிட்ட இதைச் சொல்லாதே," என்றாள் தேயிங்.

"ஐயோ, நான் எதுக்கு..."

"சொல்றதா இருந்தா நான் சொல்லிக்கறேன்."

சொல்வதா? அவன் நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாள். தன் சட்டை அப்பாவின் மூக்கைக் கெடுத்துவிடும் என்று ஒதுங்கி நின்றவன். அந்த மூக்கு இல்லவே இல்லை, நீ ஈரத்தலையோடு படியில் நின்றதெல்லாம் வீண், ஆஸ்பத்திரிக்கு வராமல் போனதும் வீண், மறித்தது நான், என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால், கடைசிவரை தன் நாற்றம்தான் தன்னைத் தள்ளி வைத்தது என்று நினைத்துக்கொண்டு இந்தப் பையன் போவான். நாளைக்கு முடிந்ததும் கிளம்பிவிடுவான். பிறகு எதற்காக வரப்போகிறான்?

எழுந்து சமையல் பந்தலுக்குப் போனாள். சமையல்காரர் பெரிய அகப்பையால் வெள்ளை வெளேரென்று வேகும் பன்றியிறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே சாப்பிட வந்தவர்கள், ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"மிளகாய் போடுங்க," என்றாள்.

"என்னது?"

"மிளகாய், மிளகு, பூண்டு. இந்த ஊர்ல எல்லாரும் எப்படிச் சாப்பிடுவாங்களோ அப்படி."

அவர் அகப்பையை ஊன்றி நின்றார். "ஏம்மா, ரெண்டு நாளா ஒரு பூண்டுப் பல்லைக் கண்ணுல காட்டினா அடுப்பை அணைச்சிடுவேன்னீங்க. எல்லாம் வெந்து முடிஞ்சது. இப்ப வந்து போடுன்னா எதுல போடுறது, என் தலைலயா?"

"கொஞ்சமாவது..."

"கொண்டுவரவே இல்லையே. அடுத்த தடவை சேத்துப் போட்டுடறேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. இறைச்சியைப் புரட்ட ஆரம்பித்தார்.

இருட்டுவதற்குள் ஆலை டைரக்டர் கறுப்புக் காரில் வந்தார். மாலைகள் வைத்தார்கள். ஆலையின் உயர்ந்த சாராயத்தை மூன்று கிண்ணம் தரையில் ஊற்றினார். அன்னாசி முன்னால் வந்தது. பின்னால் ஈரமண். அதற்கும் பின்னால், மெலிதாக, வேர்வை. தேயிங்கின் மூக்குக்கு மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. தெரியாமல் என்ன, முப்பது வருடமாக எந்த வாசனையும் அண்டவிடாமல் அவள் மூக்கையும் சேர்த்துத்தானே பாதுகாத்திருக்கிறாள்.

டைரக்டர் பேசினார். ஊரின் மூக்கு போய்விட்டது என்றார். கடைசி நாள்வரை ஒரு துளி தப்பாத மூக்கு என்றார். கெமிங் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த மூக்கைக் காப்பாற்றிய பெருமை இந்த அம்மாவுக்கு. இவங்க வீட்டுல பூண்டு வறுத்ததே இல்லை. ஆலையைப் பார்க்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நாங்க இதைத்தான் சொல்லப்போறோம்." பிறகு குனிந்து, தாழ்ந்த குரலில், "அடுத்த வாரம் ஒரு பையனை கேமராவோட அனுப்பறேன் அம்மா. ரெண்டு வார்த்தை சொல்லுங்க. உங்க தியாகத்தைப் பத்தி."

"எனக்குப் பேச வராது," என்றாள்.

"சும்மா உண்மையைச் சொன்னாப் போதும்."

யூகாங் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் எரித்துக் கொடுத்தார்கள். சிவப்புத் துணி சுற்றிய அஸ்திப் பெட்டி, நினைத்ததைவிடக் கனம். மலைக் கல்லறைக்குப் போக மற்றவர்கள் ஆலை பஸ்ஸில் ஏறினார்கள். பெட்டியை மகன்தான் கொண்டுபோக வேண்டும். வேனை ஓட்டவும் அவன்தான் என்பதால் அது தேயிங்கின் மடிக்கு வந்தது.

அவள் ஏறுவதற்கு முன்பே யூகாங் சுற்றிவந்து இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தான். ஆனாலும் இருக்கையிலிருந்தும், கூரையிலிருந்தும், பின்னால் அடுக்கியிருந்த காலி டின்களிலிருந்தும் அந்த மணம் வந்தது. கொழுப்பு, மிளகாய், பூண்டு, எல்லாம் சேர்ந்து பழகிப்போன ஒரு மணம். ஆற்றுக் காற்று சில்லென்று முகத்தில் அடித்தது.

பாலம் வரைக்கும் பொறுத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா."

"பாலம் தாண்டி இடது பக்கம்தானே?"

"ஆமா. உங்கப்பாவோட மூக்கு..."

"தெரியும்மா."

முன்னால் ஒரு லாரி சோளச் சக்கையை ஏற்றிக்கொண்டு பன்றிப் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆவி பறந்தது. யூகாங் வேகத்தைக் குறைத்தான்.

"என்ன தெரியும்?"

"மோப்பம் போயிடுச்சுன்னு."

"கெமிங் சொன்னானா?"

"யாரும் சொல்லல. மூணு வருஷம் முன்னாடி கடைசியா ஒரு தடவை வந்தேன், புத்தாண்டு சமயம். கோங் பெரியம்மா வீடு பூட்டியிருந்தது. நீங்க சந்தைக்குப் போயிருந்தீங்க. கடையில நின்ன சட்டையோட அப்படியே வந்திருந்தேன். படியில உக்காந்து பாத்தேன், குளிர் தாங்கல. திட்டினா திட்டட்டும்னு உள்ள போயிட்டேன்."

"உள்ள வந்தியா?"

"அப்பா பக்கத்துல உக்காரச் சொன்னார். தோள்ல கை போட்டார். 'இப்படித்தான் வரணும், சுத்தமா'ன்னார்." லாரி குலுங்கியது. சக்கை கொஞ்சம் சிதறிக் கண்ணாடியில் ஒட்டியது. அவன் துடைப்பானைப் போட்டான். "எனக்கே நாறிட்டு இருந்ததும்மா அந்தச் சட்டை. நான் திரும்பி அவர் முகத்தைப் பாத்தேன். நான் பாக்கறதை அவரும் பாத்தார். கையை எடுத்துக்கிட்டார். நீங்க வர்றதுக்குள்ள நான் கிளம்பிட்டேன்."

அந்த நாள் தேயிங்குக்கு நினைவிருந்தது. சந்தைப் பையோடு உள்ளே வந்தபோது வீடு முழுக்க மாட்டுக்கொழுப்பு மணம். மகன் வந்துபோனது தெரியாமல், எவர் வீட்டு அடுப்பையோ திட்டிக்கொண்டே, ரூலின் முகம் சுளிப்பதற்குள் என்று, ஜன்னல்களைத் திறந்து, நாற்காலி உறையைக் கழற்றி ஊறவைத்து, தரையைத் துடைத்தாள். ரூலின் காலைத் தூக்கிக் கொடுத்தார் துடைப்பதற்கு.

"மறுநாளே போன் பண்ணினார்," என்றான் யூகாங். "பெரிய போட்டி வருது, மூக்கைப் பாத்துக்கணும், நான் சொல்ற வரைக்கும் வராதேன்னார். அப்பறம் சொல்லவே இல்ல."

"நான் உன்னைக் கல் நெஞ்சுக்காரன்னு..."

"ம். சொன்னீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருந்தா?" அவன் குரலில் கோபம் இல்லை. வழி கேட்பதுபோலத்தான் கேட்டான். "அப்பாவுக்கு மோப்பம் தெரியாதுன்னு நான் வந்து சொல்லியிருந்தா, யாரை நம்பியிருப்பீங்க?"

தேயிங் மடியிலிருந்த பெட்டியின் சிவப்புத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். லாரி ஒரு பக்கம் ஒதுங்கி வழிவிட்டது. யூகாங் ஹாரன் அடித்து முந்தினான்.

மலைப்பாதை ஏறத் தொடங்கியது. காற்று இன்னும் குளிர்ந்தது. அவள் குனிந்து, கதவிலிருந்த கைப்பிடியைச் சுற்றினாள். பழைய வேன். கண்ணாடி பாதியில் நின்றுகொண்டது.

"விடுங்கம்மா. அடைச்சா மணம் உள்ளயே தங்கிடும். உங்க துணில ஏறிடும்."

அவள் கைப்பிடியை விட்டுவிட்டு, கண்ணாடியின் விளிம்பை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து மேலே தள்ளினாள். வளைவில் வேன் திரும்பியது. மடியிலிருந்த பெட்டி சரிந்தது.

யூகாங் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டான்.